ஒரே சட்டை – 9: அண்ணனுக்கு ஈடு

என் மாமியார் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பெற்ற பிள்ளைகள் இருவரும் ஒரே அணியில், ஒரே சட்டை போட்டுக்கொண்டு பேஸ்பால் ஆட வேண்டும். அந்த ஆசை நிறைவேறிவிட்டது என்று குன்சான் மீன் சந்தை முழுக்கத் தண்டோரா போட்டு, தன் கடைக்குப் பக்கத்துக் கருவாட்டுக் கடைகளுக்கெல்லாம் அரிசிக் கேக் வாங்கிக் கொடுத்து, பத்து நாள்கூட ஆகவில்லை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் யூரிம். என் வீட்டுக்காரர் பியோ உன்ஹோ, ஜொன்ஜு பருந்துகள் அணியில் இடது கைப் பிட்சர். பெரிய பெயர் இல்லை. ஆட்டத்தின் கடைசியில், மற்றவர்கள் கைவலித்து உட்கார்ந்த பிறகு, வந்து வீசுகிற ஆள். அவருடைய அண்ணன் கியுதேதான் பெரிய பெயர். கிழக்குக் கடற்கரையில் கங்நுங் ஓநாய்கள் அணிக்காகப் பத்து வருடம் மட்டை பிடித்தவர். இந்த நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து, இஷ்டப்பட்ட அணிக்குப் போகலாம் என்று சுதந்திரம் கிடைத்தது. எத்தனையோ அணிகள் கூப்பிட்டன. அம்மா கேட்டுக்கொண்டாள் என்பதற்காகத் தம்பி இருக்கும் ஜொன்ஜுவுக்கே வந்து கையெழுத்துப் போட்டார்.

சந்தை வாசலில் வியாபாரிகள் சங்கம் ஒரு பேனர் கட்டியது. "நம்ம வீட்டுப் பிள்ளைகள் ஒரே சட்டையில்!" என்று ஆள் உயர எழுத்து.

அண்ணன் வந்தால் தம்பிக்கு ஆபத்து என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் நான் மருமகள். என் பேச்சை யார் கேட்டார்கள்?

விஷயம் இதுதான். அடுத்த அணியின் பெரிய ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டால், அவரை இழந்த அணிக்கு ஈடாக ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். இருபது பேரை மட்டும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம். மிச்சம் இருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் அவர்கள் கைகாட்டி எடுத்துக்கொள்வார்கள். அந்த இருபது பேர் யார் என்பது ரகசியம். கங்நுங்காரர்கள் கைகாட்ட வேண்டிய கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை.

அதே சனிக்கிழமைதான் குன்சானில் மாமியார் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும் நாள்.

---

"அடி யூரிம், இந்தக் கோஸ்ல உப்பு ஏறவே இல்ல பாரு. ராத்திரி திருப்பிப் போடலையா?"

"போட்டேன் அத்தை."

"போட்ட லட்சணம் தெரியுது."

முற்றத்தில் மலை மாதிரி முட்டைக்கோஸ். நடுவில் நீல நிறத் தார்ப்பாய். அதன் மேல் பெரிய தொட்டியில் மிளகாய் விழுது. நானும் என் வீட்டுக்காரரும் முழங்கை வரை சிவப்புக் கையுறை மாட்டிக்கொண்டு, இலை இலையாகப் பிரித்து விழுதைத் தடவிக்கொண்டிருந்தோம். ஓரகத்தி வரவில்லை. கங்நுங்கிலிருந்து வீடு மாற்றுகிறாளாம், சாமான் கட்டுகிறாளாம். போன வருடம் பல்வலி. அதற்கு முந்தின வருடம் என்ன என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பத்து மணிக்கு மூத்தார் கியுதே வந்தார். ஒரு பெட்டி பேரிக்காயைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, நேராக அடுப்பங்கரைக்குப் போய், பானையில் வெந்துகொண்டிருந்த பன்றிக்கறியைத் திறந்து பார்த்தார்.

"இன்னும் வேகலையாம்மா?"

"வந்ததும் வராததுமா வயித்தப் பாரு! கையக் கழுவிட்டு வந்து ரெண்டு கோஸ் எடு."

"எனக்குக் கை முக்கியம்மா. மிளகா பட்டா எரியும்."

"சின்னவன் கை என்ன மரக்கட்டையா?" என்றாள் மாமியார். திட்டினாளே தவிர முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் நிற்கிறார்களே! அந்தச் சந்தோஷத்தில் என் உப்பைக்கூட மறந்துவிட்டாள்.

எனக்கு மட்டும் அந்தக் கடைசி நாள் மறக்கவில்லை. மூத்தார் நகர்ந்ததும் என் வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏங்க, ஆபீஸ்ல மறுபடி கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"உங்க பேரு இருபதுல இருக்கா, இல்லையா?"

"அது ரகசியமாம்."

"ரகசியம்னா வெளியாளுக்கு. உங்களுக்குமா?"

"மேனேஜர் குவாக் சொன்னாரு, கவலையே படாதேன்னு. அண்ணன் தம்பியப் பிரிக்கிற அளவுக்கு ஓநாய்க்காரங்க கல்நெஞ்சக்காரங்க இல்லையாம்."

"இது நான் கேட்ட கேள்விக்குப் பதிலா?"

அவர் ஒரு கோஸை எடுத்து, அதன் நடுக்குருத்துவரை விழுதைத் தடவினார். "யூரிம், இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க. சாயங்காலம் அஞ்சு மணி தாண்டிட்டா ஒண்ணுமில்ல."

பொறுத்துக்க. இந்த மனிதரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் கேட்கிற வார்த்தை. கல்யாணமான புதிதில் ராணுவ சேவைக்குப் போனார், பொறுத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் இரண்டாம் அணியின் விடுதியில் போட்டார்கள், பொறுத்துக்கொண்டேன். தோளில் அறுவை, ஒரு வருடம் பந்தையே தொடவில்லை. போன வசந்தத்தில்தான் முதல் அணிக்கு வந்தார். அப்புறம்தான் நாங்கள் ஜொன்ஜுவில் வீடு பிடித்து, ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் நடத்த ஆரம்பித்தோம். அந்தத் தைரியத்தில்தான் கோடைக்காலம் முடிகிற நேரத்தில் மூன்று நாற்காலி போட்டு ஒரு பியூட்டி பார்லர் திறந்தேன். இப்போதுதான் தெருப் பெண்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலைமுடி சுருட்டிக்கொள்ள வருகிறார்கள்.

கங்நுங் என்றால் நாட்டின் அந்தக் கோடி. நடுவில் மலை. பார்லரைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போக முடியாது.

---

கறி வெந்தது. புதுக் கிம்ச்சியில் சுற்றி, மாமியார் முதல் உருண்டையை மூத்தார் வாயில் திணித்தாள். இரண்டாவதை என் வீட்டுக்காரர் வாயில். மூன்றாவது எனக்கு வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் போன் அடித்தது. என் வீட்டுக்காரருடையது. கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல், கறித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் கை இரண்டும் மிளகாய். என் கையும் மிளகாய். மூத்தார் எட்டிப் பெயரைப் பார்த்தார்.

"உங்க மேனேஜர் குவாக். ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

"போடு" என்றாள் மாமியார், யாரையும் கேட்காமல்.

"உன்ஹோ... சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டுட்டே இருக்கேன் சார். வீட்ல கிம்ச்சி போடுறோம்."

"அப்படியா, நல்லது நல்லது. இந்த வருஷம் கோஸ் நல்லா வந்திருக்காமே."

"ஆமா சார்."

"எங்க வீட்லயும் அடுத்த வாரம் போடணும்..."

மாமியார் பல்லைக் கடித்தாள். "கோஸ் நிலவரம் விசாரிக்கவா இந்த ஆளு போன் பண்ணான்?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "உன்ஹோ, ஓநாய்க்காரங்க உன்னைக் கேட்டுட்டாங்கப்பா."

மூத்தார் மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

"அப்ப இருபதுல என் பேரு இல்லையா சார்?"

"இருபது பேருதானேப்பா போட முடியும். இருபத்தியோராவது ஆளா உன்னத்தான் மனசுல வச்சிருந்தோம்."

மனசில் வைத்திருந்தார்களாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கோஸைப் பிழிந்தே விட்டேன்.

"அண்ணன் தம்பியப் பிரிப்பாங்கன்னு நாங்க கனவுலயும் நினைக்கல. எப்படியும் உன்னத் தொடமாட்டாங்கன்னுதான் உன் இடத்துல ஒரு புதுப் பையன் பேரப் போட்டோம். நீ தப்பா எடுத்துக்காதே. திங்கக்கிழமை வந்து லாக்கரக் காலி பண்ணிக்கோ, அவசரமில்ல."

"சரிங்க சார். இவ்வளவு நாள் பாத்துக்கிட்டதுக்கு நன்றி" என்றார் என் வீட்டுக்காரர். போனைப் பார்த்துத் தலைகுனிந்து வணக்கமும் வைத்தார். ஸ்பீக்கருக்கு வணக்கம்! அடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது எனக்கு.

"டேய், இவனுங்ககிட்ட நான் கையெழுத்துப் போடும்போதே கேட்டேண்டா" என்று மூத்தார் எழுந்தார். "என் தம்பிக்கு ஒண்ணும் ஆகாதேன்னு கேட்டேன். குடும்பம் மாதிரி பாத்துக்கறோம்னு சொன்னானுங்க. இப்பவே போறேன். அந்தக் குவாக் சட்டையப் பிடிச்சு..."

முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது. தெரியாத எண். மூத்தாரே ஆத்திரத்தோடு குத்தினார். அதுவும் ஸ்பீக்கரில் விழுந்தது.

"பியோ உன்ஹோவா? நான் கங்நுங்லேருந்து கோச் யோம் பேசுறேன்!" பெரிய குரல். கல்யாண வீட்டுக்காரன் மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். "வாப்பா வா! உன்ன எடுக்க வைக்கறதுக்கு ஆபீஸ்ல ஒரு பெரிய சண்டையே போட்டேன் தெரியுமா? எல்லாரும் வேற ஒரு ஆளச் சொன்னாங்க. நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன், எனக்கு உன்ஹோதான் வேணும்னு."

"என்னை... உங்களுக்கு எப்படி சார் தெரியும்? இந்த வருஷம் நான் வீசினதே கம்மி."

"உங்கண்ணன் இருக்கானே! கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் வணக்கம் சொல்ல வந்தான்ல. மத்தியானம் மீன் கடையில உக்காந்தோம். ரெண்டு மணி நேரம் உன்னப் பத்தித்தான் பேச்சு. 'நான் போறது ஒரு நஷ்டமா கோச்? உண்மையான கெட்டிக்காரன் என் தம்பிதான். தோள் முழுசா சரியாயிடுச்சு. அவன் வளைச்சுப் போடுற பந்த என்னாலயே தொட முடியல. ஜொன்ஜுக்காரங்களுக்குத்தான் அவன் அருமை தெரியல'ன்னு. அப்பவே மனசுல முடிச்சுப் போட்டுட்டேன்."

நான் மூத்தாரைப் பார்த்தேன். மாமியார் மூத்தாரைப் பார்த்தாள். அவர் பேரிக்காய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாயைத் திறந்தது அண்ணன், கெட்டது தம்பி.

"நாளைக்கு மத்தியானம் வந்துடு. சட்டை போட்டு ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார் கோச். "நம்பர் என்ன வேணும்? உங்கண்ணனோட முப்பத்தி நாலு காலியாத்தான் கிடக்கு. வேணுமா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

---

போன் அணைந்ததும் முதலில் வெடித்தது நான்தான். மட்டு மரியாதையெல்லாம் அந்த மிளகாய்த் தொட்டியில் போயிற்று.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா அத்தான் உங்களால?"

"யூரிம், நான் என்ன கெட்டதா சொன்னேன்? என் தம்பியப் பத்தி நாலு வார்த்தை நல்லபடியா சொன்னது தப்பா?"

"தப்புதான்! நீங்க விட்டுட்டுப் போற இடத்துக்கு ஈடா ஒரு ஆள எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். ஆள் தேடிட்டு இருக்கறவங்க கிட்டயே போய், என் தம்பி தங்கம்னு விலாசத்தோட கொடுத்திருக்கீங்க. தாரை வார்த்துட்டு வந்திருக்கீங்க!"

"அவன் இருபதுல இருப்பான்னு நெனச்சேன்மா. சத்தியமா நெனச்சேன்."

"நீங்க ஒண்ணு நெனச்சீங்க. குவாக் ஒண்ணு நெனச்சாரு. எல்லாரும் எங்க நல்லதுக்கேதான் நெனச்சீங்க. என் கடைய நான் என்ன பண்றது?"

இருபதாயிரம் பேர் கூச்சல் போடும் மைதானத்தில் அசையாமல் நிற்கிற மூத்தார், எங்கள் முற்றத்தில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவம் என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நிம்மதியாகத் திட்டலாமே!

மாமியார் என் பக்கம்தான் திரும்பினாள்.

"அவன ஏண்டி வையறே? என்னைச் சொல்லு. அவன் பாட்டுக்கு அங்க நல்லாத்தான் இருந்தான். போன்ல அழுது அழுது வரவழைச்சது நான். ரெண்டு பேரையும் ஒரே சட்டையில பாக்கணும்னு கண்ட ஆசை எனக்குத்தான்." கையுறையோடு கண்ணைத் துடைக்கப் போனாள். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இல்லையென்றால் மிளகாய் கண்ணுக்குள் போயிருக்கும்.

"விடுடி."

"கண்ணு போயிடும் அத்தை."

"போகட்டும். இனிமே எதப் பாக்கணும்?"

மூத்தார் செருப்பை மாட்டினார். "இருங்க. கங்நுங் தலைவரோட எனக்கு நல்ல பழக்கம். நேரா அவர்கிட்டயே பேசறேன். அப்பறம் அந்தக் குவாக்..."

"அண்ணே."

என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. குனிந்த தலை நிமிராமல், அடுத்த கோஸை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு மேல எனக்கு நல்லது எதுவும் பண்ணாதேண்ணே. போதும்."

மூத்தார் ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"கோவமா இருக்கியாடா?"

"இருக்கேன். ஆனா உன்மேல எவ்வளவு, குவாக்மேல எவ்வளவு, என்மேல எவ்வளவுன்னு இன்னும் பிரிச்சுப் பாக்கல. நீ வந்த அன்னிக்கே யூரிம் கேட்டா, உங்க பேரு இருக்கான்னு. நான் ஆபீஸ்ல மேசையத் தட்டிக் கேட்டிருக்கணும். கேக்கல. அண்ணன் வர்றப்ப தம்பி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக்கூடாதுன்னு பல்ல இளிச்சுட்டு நின்னேன்."

"டேய்..."

"உக்காரு. கையுறை அங்க இருக்கு. மிச்சக் கோஸ் யார் போடறது?"

மூத்தார் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையுறையை மாட்டி, மிளகாய் விழுதில் கையை விட்டார். எவ்வளவு தடவ வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. மாமியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

---

நாலு மணிக்குக் கோஸ் தீர்ந்தது. டப்பாக்களில் அடைத்து மூடி போட்டோம். போன வாரம் உற்சாகமாக இருந்தபோதே மாமியார் எல்லா மூடியிலும் பேப்பர் ஒட்டி எழுதி வைத்திருந்தாள். பெரியவன் – ஜொன்ஜு. சின்னவன் – ஜொன்ஜு. அந்தப் பேப்பரை அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது, வரவில்லை.

"சின்னவனே, அந்த ஆளு சொன்ன நம்பர வாங்காதேடா" என்றாள். "உனக்குன்னு புதுசா ஒண்ணு கேளு."

"ஏம்மா? ரெண்டு பேரையும் ஒரே சட்டையிலதானே பாக்கணும்னே."

"இதுவா நான் கேட்ட சட்டை?"

"சின்ன வயசுலேருந்து அண்ணன் போட்டுக் கழிச்ச சட்டைதானேம்மா எனக்கு. ஸ்கூல் டீம்ல ஆடினப்பகூட அவன் நம்பரப் பிரிச்சுட்டுத்தானே என் நம்பர வச்சுத் தைப்பே. இப்பத் தையல் வேலைகூட உனக்கு மிச்சம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாமியார் சிரிக்கவில்லை. மூத்தார் எழுந்து குழாயடிக்குப் போய், கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

என் வீட்டுக்காரர் கையுறையைக் கழற்றினார். இந்த முறை போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கர் இல்லை. கோச் யோம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இவர் பேசினதுதான் கேட்டது.

"சார், நம்பர் விஷயம். முப்பத்தி நாலே கொடுங்க."

"..."

"இல்ல சார், அண்ணன் மேல பாசம்னு பேப்பர்ல எழுதிடாதீங்க. மார்ச்ல முதல் ஆட்டம் நமக்கு ஜொன்ஜுவோடதானே? அவன் மட்டையத் தூக்கிட்டு வந்து நிக்கறப்ப, எதிர்ல அவன் நம்பரையே அவன் பாக்கணும்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூத்தார் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா சார், அவன் சொன்னது நிஜம்தான். அந்தப் பந்த அவனால தொட முடியாது."

போனைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் வந்தார். கண் சிவந்திருந்தது. பொறுத்துக்க என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால், அந்த டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. "யூரிம், நீ வர்றியா, இல்ல கடையப் பாத்துக்கறியா? ரெண்டுல எதச் சொன்னாலும் நான் ஏன்னு கேக்கமாட்டேன்" என்றார்.

இத்தனை வருடத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. கையுறையைக் கழற்றினேன். எங்கேயோ ஓட்டை போலிருக்கிறது, மிளகாய் உள்ளே போய் விரலெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது.

வாசலில் கார் டிக்கி திறந்து கிடந்தது. மாமியார் எங்கள் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுடி. இத எந்த ஊருக்குக் கட்டட்டும்?"